மலை ஏறி வருகிறது பணம்!

கொடைக்கானல் மலை ஏறுவது எவ்வளவு சிரமம் என்பது பஸ்சில் போனவர்களுக்குத் தெரியும். வளைவுக்கு மேல் வளைவு! வத்தலக்குண்டில் புறப்பட்ட பஸ், ஊர் போய்ச் சேர 2 மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

ஆனால் பணம்?

சென்னையில் ஒருவர் செல்போனைத் தட்டுகிறார். கண் மூடித் திறப்பதற்குள், 7 ஆயிரம் அடி உயரத்தில் இருக்கும் கொடைக்கானல் கடைக்காரரின் கணக்கில் அந்தப் பணம் வந்து விழுகிறது.

இதுதான் எலெக்ட்ரானிக் பாங்கி முறை. இதனால் மலையில் வாழும் ஜனங்களுக்கு என்ன லாபம்? இதில் என்ன ஆபத்து? இரண்டையும் தெரிந்துகொள்வது ஒவ்வொரு குடும்பத்துக்கும் நல்லது.

ஒரு நாள் வீண்

பழனி மலையில் ஊர்களை இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள். பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி ஆகியவை மேல்மலை. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர் ஆகியவை கீழ்மலை. மேல்மலையில் பூண்டு, காரட், உருளைக்கிழங்கு விளைகிறது. கீழ்மலையில் காபி, மிளகு, மலை வாழை.

மன்னவனூரில் ஒரு விவசாயி. பாங்கியில் இருந்து அவர் 2 ஆயிரம் ரூபாய் எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய காலத்தில் என்ன செய்வார்?

காலையில் பஸ் பிடிப்பார். கொடைக்கானல் சுமார் 35 கிலோ மீட்டர். பாங்கியில் சீட்டு எழுத வேண்டும். எழுதத் தெரியாவிட்டால், எழுதித் தருகிறவரைத் தேட வேண்டும். பிறகு பித்தளை வில்லையைக் கையில் வைத்துக்கொண்டு, நம்பர் கூப்பிடும் வரை காத்திருக்க வேண்டும். ஊர் திரும்பும்போது இருட்டிவிடும்.

பஸ் செலவு போயிற்று. சாப்பாட்டுச் செலவு போயிற்று. அன்றைய வேலையும் போயிற்று. தன் சொந்தப் பணத்தை எடுக்க ஒரு நாள் வீண்!

பேரேட்டில் இருந்து கம்ப்யூட்டருக்கு

1969 ஜூலை 19-ந் தேதி, 14 பெரிய பாங்கிகளை இந்திய அரசு எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டின் இந்தியன் பாங்கியும், இந்தியன் ஓவர்சீஸ் பாங்கியும் அவற்றில் சேர்ந்தவை. அதன் பிறகு சிற்றூர்களிலும் பாங்கிக் கிளைகள் வந்தன.

ஆனால் கணக்கு எல்லாம் பெரிய பேரேட்டில், கையால் எழுதிய கணக்கு. எந்தக் கிளையில் கணக்கு இருக்கிறதோ, அந்தக் கிளைக்கே போக வேண்டும்.

அப்போது ரிசர்வ் பாங்கியின் துணைக் கவர்னராக இருந்தவர் சி. ரங்கராஜன். பாங்கிகளில் கம்ப்யூட்டரைப் புகுத்துவது பற்றி அவர் தலைமையில் ஒரு கமிட்டி ஆராய்ந்தது. 1984-ல் அது அறிக்கை கொடுத்தது. இந்தியாவின் முதல் ஏ.டி.எம். 1987-ல் பம்பாயில் வந்தது.

பிறகு வேகம் பிடித்தது. 2005-ல் ‘நெஃப்ட்’ என்ற முறை வந்தது. ஒரு பாங்கியில் இருந்து வேறு பாங்கிக்குக் கம்ப்யூட்டர் மூலம் பணம் போயிற்று. 2010-ல் ‘ஐ.எம்.பி.எஸ்.’ வந்தது. நடுராத்திரியிலும் அனுப்பிய உடனே பணம் போய்ச் சேர்ந்தது. 2016 ஏப்ரலில் ‘யு.பி.ஐ.’ வந்தது. அதோடு டீக்கடை வரை பாங்கி வந்துவிட்டது.

2025 ஆகஸ்டு மாதத்தில் மட்டும் யு.பி.ஐ. மூலம் 2 ஆயிரம் கோடி தடவைக்கு மேல் பணம் கை மாறியது. ஒரே மாதத்தில்!

பணம் போனுக்குள் இல்லை

‘போன் தொலைந்தால் பணமும் தொலையுமா?’ என்று பலர் பயப்படுகிறார்கள்.

தொலையாது. பணம் பாங்கியில் பத்திரமாக இருக்கிறது. போன் ஓர் உத்தரவுச் சீட்டு மாதிரி. ‘என் கணக்கில் இருந்து இவ்வளவு ரூபாயை, இன்னாருக்குக் கொடு’ என்று அது பாங்கிக்குச் சொல்கிறது.

அந்த உத்தரவைப் போட்டது சொந்தக்காரர்தானா என்று பாங்கி எப்படி அறியும்? அதற்குத்தான் ரகசிய எண். அதில் 4 அல்லது 6 இலக்கம் இருக்கும். முன்பு கையெழுத்து செய்த வேலையை இப்போது ரகசிய எண் செய்கிறது. போன் தொலைந்தால், உடனே பாங்கிக்கும் போன் கம்பெனிக்கும் சொல்லி நிறுத்திவைக்க வேண்டும்.

கடைகளில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அட்டையைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு ‘க்யூ.ஆர். கோடு’ என்று பெயர். அது கடைக்காரரின் விலாசம். போன் அதைப் படித்து, பணம் யாருக்குப் போக வேண்டும் என்று தெரிந்துகொள்கிறது.

பூண்டுக்குப் பணம்

கொடைக்கானல் மலைப் பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மணமும் காரமும் அதற்குத் தனி. இந்தப் பூண்டு மலை இறங்கி, பெரியகுளம் அருகே உள்ள வடுகபட்டி சந்தைக்குப் போகிறது. மலைக் காய்கறி ஒட்டன்சத்திரம் சந்தைக்கும் போகிறது.

சரக்கு விற்ற பணத்தை முன்பெல்லாம் கையில் வாங்கி, மடியில் கட்டிக்கொண்டு பஸ் ஏறுவார்கள். வழியெல்லாம் பயம். தூங்கவும் முடியாது. வியாபாரி ‘அடுத்த வாரம் வா’ என்றால், இன்னொரு தடவை மலை இறங்க வேண்டும்.

இப்போது வியாபாரி தன் கடையில் இருந்தபடியே அனுப்பலாம். விவசாயி வீட்டில் இருந்தபடியே பெறலாம்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. எந்தத் தேதியில், யாரிடம் இருந்து, எவ்வளவு வந்தது என்பது கணக்கில் பதிந்துவிடுகிறது. ‘நான் கொடுத்துவிட்டேன்’, ‘எனக்கு வரவில்லை’ என்ற சண்டைக்கு இடம் இல்லை. நாளைக்குப் பயிர்க் கடன் கேட்கும்போது, இந்த வரவு செலவே விவசாயிக்குச் சாட்சி சொல்லும்.

பேசும் பெட்டி

கொடைக்கானல் ஏரிக்கரையில் மக்காச்சோளம் சுட்டு விற்கிறார்கள். பஜ்ஜி போடுகிறார்கள். வருகிறவர்கள் 500 ரூபாய் நோட்டை நீட்டினால் சில்லறைக்கு எங்கே போவது? சில்லறை இல்லாததாலேயே வியாபாரம் கெட்டது உண்டு. போனில் பணம் வந்தால் அந்தத் தொல்லை இல்லை.

‘எனக்குப் படிக்கத் தெரியாதே, பணம் வந்ததா என்று எப்படிப் பார்ப்பேன்?’ என்று கேட்கும் வியாபாரிக்குப் பேசும் பெட்டி இருக்கிறது. பணம் வந்ததும் எத்தனை ரூபாய் என்று அது உரக்கச் சொல்லிவிடும்.

போலிப் படத்தைப் போனில் காட்டி, ‘பணம் அனுப்பிவிட்டேன்’ என்று நழுவும் ஆசாமிகளும் இருக்கிறார்கள். ஆகவே, பெட்டி பேசிய பிறகே பொட்டலத்தைக் கொடுக்க வேண்டும்.

கைநாட்டே சாவி

போன் இல்லாத முதியவர்கள் என்ன செய்வது?

2018 செப்டம்பர் 1-ந் தேதி ‘இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் பாங்கி’ நாடு முழுவதும் தொடங்கப்பட்டது. தபால்காரர் ஒரு சிறு கருவியோடு வீட்டுக்கே வருவார். பாட்டி அதில் விரலை வைப்பார். விரல் ரேகை சரியாக இருந்தால், கணக்கில் இருந்து பணம் எடுத்துக் கையில் கொடுப்பார். ஆதார் எண் இணைந்த கணக்கு எந்தப் பாங்கியில் இருந்தாலும் சரி.

ஒரு காலத்தில் கைநாட்டு என்றால் கேலி செய்தார்கள். இன்று அந்த விரலே பணப் பெட்டிக்குச் சாவி!

சாவி என்றால் ஜாக்கிரதை வேண்டும். ‘பணம் வரவில்லை, மறுபடி விரலை வையுங்கள்’ என்று முன்பின் தெரியாதவர் சொன்னால் வைக்கக் கூடாது. எவ்வளவு எடுத்தது என்பதற்கு ரசீது கேட்டு வாங்க வேண்டும்.

தாய்மார்களின் கணக்கு

விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6 ஆயிரம் ரூபாய் தரும் திட்டம் 2019-ல் வந்தது. தமிழ்நாட்டில் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் மகளிர் உரிமைத் திட்டம் 2023 செப்டம்பர் 15-ந் தேதி தொடங்கியது. இந்தப் பணம் நேரே அவரவர் கணக்கில் விழும்படி ஏற்பாடு செய்தார்கள். நடுவில் யாரும் கை வைக்க வழி இல்லை.

2023-ல் சிங்கப்பூருக்கும் இந்தியாவுக்கும் இந்த முறையில் தொடர்பு ஏற்பட்டது. அங்கே வேலை பார்க்கும் மகன், சில பாங்கிகள் மூலம் இங்கே உள்ள தாய்க்கு உடனே பணம் அனுப்பலாம்.

ஆனால், ‘எனக்கு எதுவும் தெரியாது’ என்று கார்டையும் ரகசிய எண்ணையும் சிலர் அடுத்தவரிடம் கொடுத்துவிடுகிறார்கள். பீரோவைப் பூட்டி, சாவியைத் தெருவில் போடுவது மாதிரிதான் அது! எண்ணைத் தானே போடப் பழக வேண்டும். 10 தடவை போட்டால் பழகிவிடும்.

ஆசாமிகள் ஜாக்கிரதை!

‘அம்மா, பாங்கி மேனேஜர் பேசுறேன். உங்க கணக்கு இன்னைக்கே முடங்கப் போகுது. போன்ல ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க’ என்று ஒரு குரல் வரும். உண்மையான மேனேஜர் ஒருநாளும் அந்த எண்ணைக் கேட்கமாட்டார். போனை வைத்துவிட வேண்டும்.

‘உங்களுக்குப் பரிசுப் பணம் வந்திருக்கிறது, ரகசிய எண்ணைப் போடுங்கள்’ என்பார்கள். பணம் கொடுக்கத்தான் ரகசிய எண் வேண்டும். பணம் வாங்க அது தேவையே இல்லை. இந்த ஒன்றை நினைவில் வைத்தால் பாதி மோசடி ஒழிந்துவிடும்.

கோடை சீசனில், அறை பிடித்துத் தருவதாக முன்பணம் வாங்கிக்கொண்டு மறைகிற ஆசாமிகளும் உண்டு. விடுதிக்கு நேரே போன் செய்து விசாரித்த பிறகே பணம் அனுப்ப வேண்டும்.

ஏமாந்துவிட்டால்? வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது. உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். பாங்கியிலும் புகார் கொடுக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவு நல்லது.

ரிசர்வ் பாங்கி 2017-ல் ஒரு விதி வகுத்தது. அதன்படி, பாங்கியின் மேலும் வாடிக்கைக்காரர் மேலும் தவறு இல்லாமல் பணம் திருடு போனால், 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்கிறவருக்கு நஷ்டம் இல்லை. ரகசிய எண்ணைத் தானே சொல்லிக் கொடுத்திருந்தால், புகார் செய்யும் வரை போன பணம் அவருடைய நஷ்டம்தான்.

மழைக்காலத்தில்...

2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானல் மலையையும் தாக்கியது. மரங்கள் சாய்ந்தன. பாதைகள் அடைபட்டன. மின்சாரம் நின்றது. மின்சாரமும் சிக்னலும் இல்லாவிட்டால் போன் வெறும் டப்பா!

ஆகவே, ஒரு வாரச் செலவுக்கு ரொக்கம் வீட்டில் இருக்க வேண்டும். அரிசிப் பானைக்குள் பாட்டி ஒளித்துவைக்கும் நோட்டுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

பட்டன் போன் வைத்திருப்பவர்களும் பணம் அனுப்ப 2022-ல் வழி வந்துவிட்டது. இன்டர்நெட் தேவை இல்லை. பாங்கியில் கேட்டால் சொல்லிக் கொடுப்பார்கள்.

பணத்தைத் தேடி மலை இறங்கிய காலம் மாறிவருகிறது. மிச்சமாகும் அந்த ஒரு நாளில், பூண்டுக்குக் களை எடுக்கலாம். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடலாம். மலையில் உழைக்கும் குடும்பத்துக்கு அந்த ஒரு நாள் பெரிய சொத்து.

போனை யாரிடமும் கொடுத்துக் கற்றுக்கொள்ளுங்கள். ரகசிய எண்ணை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள்!