வெட்டும் முன் கணக்கு: ஹாம் ஏரியலுக்குக் கம்ப்யூட்டர் துணை

பொழுதுபோக்காகவும், ஆபத்துக் காலத்தில் உதவியாகவும் வானலையில் பேசுவோரை ‘ஹாம்’ என்று அழைப்பது வழக்கம். மத்திய அரசின் தேர்வில் தேறி உரிமம் பெற்றுவிட்டால், குமாஸ்தாவானாலும் ஆலைத் தொழிலாளியானாலும் சொந்தமாக ஒரு வயர்லெஸ் நிலையம் வைத்துக்கொள்ளலாம். 2004 டிசம்பர் 26இல் சுனாமி தாக்கி அந்தமானில் தொலைபேசித் தொடர்பு அற்றுப்போனபோது, ஹாம் பணிக்காக ஏற்கெனவே போர்ட் பிளேர் சென்றிருந்த பாரதி பிரசாத்தும் அவருடைய குழுவினரும் வானலை வழியே செய்திகளை அனுப்பி உதவியதைப் பலர் அறிவர்.

இத்தகைய நிலையத்தில் செட் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் ஏரியல். வெளிமாநில நகரில் வாடகை வீட்டில் குடியிருப்பவருக்கு அதுவே பெரிய தலைவலி. மொட்டைமாடியில் உயரமான கம்பம் நட வீட்டுக்காரர் சம்மதிக்கமாட்டார். கம்பியும் குழாயும் வாங்கிக் கட்டிப் பார்த்து, சரிவராமல் அவிழ்த்து, மறுபடி கட்டுவதற்குக் கையில் காசும் இராது. ஞாயிறு தவிர ஓய்வும் இராது. இவர்களுக்குத்தான் கம்ப்யூட்டர் கணக்கு கைகொடுக்கிறது. கம்பியை வெட்டுவதற்கு முன்பே, அது எப்படி வேலை செய்யும் என்பதை அது பெரும்பாலும் சொல்லிவிடுகிறது.

துண்டு துண்டாகக் கணக்கு

ஏரியல் கம்பியில் மின்னோட்டம் எல்லா இடத்திலும் ஒரே அளவில் ஓடுவதில்லை. நடுவில் அதிகம், முனைகளில் குறைவு. அதனால் கம்ப்யூட்டர் கம்பியைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக்கொள்கிறது. ஒவ்வொரு துண்டும் மற்ற எல்லாத் துண்டுகளையும் எப்படிப் பாதிக்கிறது என்பதற்குச் சமன்பாடு எழுதுகிறது. 11 துண்டுகள் என்றால் 11 சமன்பாடுகள். அவற்றைத் தீர்த்து, ஒவ்வொரு துண்டிலும் ஓடும் மின்னோட்டத்தைக் கண்டுபிடித்து, எல்லாவற்றையும் கூட்டி, எந்தத் திசையில் எவ்வளவு அலை போகும் என்று படமாகக் காட்டுகிறது.

இந்த முறையில் புகழ்பெற்றது ‘நெக்’ என்னும் புரோகிராம். அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் ஜெரால்ட் பர்க், ஆண்ட்ரூ போஜியோ ஆகியோர் உருவாக்கிய அதன் இரண்டாம் பதிப்புக்கான விளக்க நூல்கள் 1981இல் வெளிவந்தன. அன்று அதற்குப் பெரிய கம்ப்யூட்டர் வேண்டியிருந்தது. 1982இல் அமெரிக்கக் கடற்படையின் சான் டியாகோ ஆய்வு மையம், சிறிய கம்ப்யூட்டரிலும் ஓடக்கூடிய ‘மினிநெக்’ புரோகிராமைத் தந்தது. அதன் பிறகே இக்கணக்கு ஹாம்களின் வீட்டுக்குள் நுழைந்தது.

இன்று பணச்செலவும் இல்லை. ஜப்பானிய ஹாம் மகோட்டோ மோரி தொடங்கிய ‘எம்மானா’வின் அடிப்படைப் பதிப்பு இலவசம். அமெரிக்கரான ராய் லெவாலன் பல ஆண்டுகள் விலைக்கு விற்றுவந்த ‘ஈசிநெக்’ புரோகிராமையும் 2022 முதல் இலவசமாக்கிவிட்டார். பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தாலே போதும்.

ஊருக்கு எது? டில்லிக்கு எது?

ஹாம்கள் உள்நாட்டுப் பேச்சுக்கு அதிகம் நாடுவது 7 மெகாஹெர்ட்ஸ் பகுதி. அதற்கு இரு முனைக் கம்பியின் மொத்த நீளம் ஏறத்தாழ 20 மீட்டர். எவ்வளவு உயரத்தில் கட்டுவது என்பதுதான் கேள்வி. உயரம் கூடக் கூட நல்லது என்பதே பொதுவான நம்பிக்கை. கணக்குப் போட்டால் வேறு விதமாகத் தெரிகிறது.

7 மெகாஹெர்ட்ஸ் அலை வானத்துக்குச் சென்று, அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வருகிறது. அந்த அடுக்கு 300 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். பெங்களூரிலிருந்து சென்னைக்குப் பேச அலை சுமார் 63 டிகிரி சாய்வில், கிட்டத்தட்டத் தலைக்கு மேலே போகவேண்டும். மும்பையிலிருந்து சென்னைக்கு 27 டிகிரி. டில்லியிலிருந்து சென்னைக்கு 14 டிகிரிதான்.

கம்பியை 21 மீட்டர் உயரத்தில் கட்டினால் அலை சுமார் 30 டிகிரியில் அதிகமாகப் போகும். தலைக்கு மேலே மிகக் குறைவு. 10 மீட்டரில் கட்டினால் பெரும்பகுதி நேரே மேலே போகும். டில்லிக்காரருக்கு உயரமான கம்பி மூன்று நான்கு மடங்கு பலன் தரும். பெங்களூர்க்காரர் சென்னையுடனோ மதுரையுடனோ கோவையுடனோ பகலில் பேசுவதற்கு 10 மீட்டர் கம்பியே பல மடங்கு மேல். வீட்டுக்காரரின் கட்டுப்பாட்டால் வந்த குறை என்று அவர் நினைத்திருந்த தாழ்ந்த கம்பி, சொந்த ஊருடன் பேசுவதற்கு அதுவே பொருத்தமானது. இந்த உண்மையை ஒரு பைசா செலவில்லாமல் அரை மணியில் கண்டுகொள்ளலாம்.

சட்டியில் இருந்தால்தான்

ஆனால் சட்டியில் இருப்பதுதானே அகப்பையில் வரும்? கம்ப்யூட்டருக்குச் சொல்லாத எதையும் அது அறியாது. பக்கத்து இரும்புத் தண்ணீர்த் தொட்டி, தளத்துக்குள் இருக்கும் முறுக்குக் கம்பிகள், பக்கத்து வீட்டு ஏரியல் இவையெல்லாம் அலையைத் திருப்பிவிடும். வெறும் கம்பிக்குப் போட்ட கணக்கு, பி.வி.சி. உறை போட்ட ஒயருக்குச் சில சதவீதம் தவறிப்போகும்.

மண்ணும் ஒரு சிக்கல். மினிநெக் வகையைச் சேர்ந்த புரோகிராம்கள், கம்பியின் மின்னோட்டத்தைக் கணக்கிடும்போது நிலத்தை முழுமையான உலோகத் தகடாகவே பாவிக்கின்றன. அலைநீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே, அதாவது 7 மெகாஹெர்ட்ஸில் சுமார் 8 மீட்டருக்கும் தாழ்வாகக் கட்டும் கிடைமட்டக் கம்பிக்கு அந்த விடையை நம்பக்கூடாது. அதற்கு ‘நெக்’ வகையில் உண்மை நிலக் கணக்கைத் தேர்ந்தெடுக்கவேண்டும்.

விடை சரிதானா என்று சோதிக்க இரண்டு வழிகள் உண்டு. துண்டுகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கிப் பார்க்கவேண்டும். விடை பெரிதாக மாறினால் முதல் கணக்கு போதவில்லை என்று பொருள். மற்றொன்று, கணக்குப்பிள்ளைகளுக்குப் பழக்கமானது. இழப்பே இல்லாத கம்பி வெட்டவெளியில் இருப்பதாக வைத்துக்கொண்டால், உள்ளே கொடுத்த சக்தியும் வெளியே போகும் சக்தியும் சமமாக இருக்கவேண்டும். வரவும் செலவும் நேராகாவிட்டால் கணக்கில் எங்கோ பிழை.

மாடியில் ஏறும்போது

கணக்கு முடிந்த பிறகும் கம்பியைச் சற்று நீளமாகவே வெட்டி, மேலே ஏற்றி, அளந்து, சிறிது சிறிதாகக் குறைப்பதே அனுபவசாலிகளின் வழக்கம். தெருவில் போகும் மின்சாரக் கம்பி எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை எந்தப் புரோகிராமும் எச்சரிக்காது. ஏரியல் அறுந்தாலும் அதன்மேல் விழாத இடமாகப் பார்த்துக் கட்டுவது உயிரைக் காக்கும்.

ஒலிபரப்புவதற்குத்தான் உரிமம் தேவை. கணக்குப் போட்டுப் பார்க்கத் தேவையில்லை. ஹாம் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவர்கள், தேர்வு முடிவு வரும்வரை காத்திராமல், தங்கள் மாடியின் நீள அகலத்தை இந்த ஞாயிறே அளந்துவிடலாம்.