குழந்தையின் முதுகில் ஓர் அடுப்பு

பெங்களூரு மேட்டு நிலத்தில் உள்ள ஊர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். மார்கழி, தை மாதங்களில் அங்கே விடியற்காலையில் நன்றாகக் குளிரும். 1884 ஜனவரியில் ஒரு நாள் 7.8 டிகிரி வரை குளிர் இறங்கியது.

குளிர் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? போர்த்திக்கொள்கிறோம். அதற்கும் மேல் குளிர்ந்தால் உடம்பு நடுங்குகிறது. நடுங்கும்போது தசைகள் வேலை செய்கின்றன. அதனால் சூடு உண்டாகிறது.

பிறந்த குழந்தைக்குப் போர்த்திக்கொள்ளத் தெரியாது. நம்மைப் போல நடுங்கவும் முடியாது. அப்படியானால் அது எப்படிக் குளிரைத் தாங்குகிறது?

அதன் உடம்பிலேயே ஓர் அடுப்பு இருக்கிறது. அதன் பெயர் பழுப்புக் கொழுப்பு. முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவில் இது இருக்கும். கழுத்திலும் சிறுநீரகங்களைச் சுற்றியும் இருக்கும். சாதாரணக் கொழுப்பு சேமித்து வைக்கும் கொழுப்பு. இது எரிந்து சூடு தரும் கொழுப்பு.

அடுப்பு எரிய விறகு வேண்டும். காற்றும் வேண்டும். இந்த அடுப்புக்கு இரண்டையும் கொண்டு வருவது இரத்தம். குளிர் பட்டதும் மூளை நரம்பு வழியாகச் செய்தி அனுப்புகிறது. கை, கால் தோலில் உள்ள இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. உள்ளே இருக்கும் சூடு வெளியே போகாமல் தடுக்கவே இந்த ஏற்பாடு. அதே நேரத்தில் பழுப்புக் கொழுப்புக்கு அதிக இரத்தம் ஓடுகிறது. கொழுப்பு எரிகிறது. அந்தச் சூட்டை இரத்தமே உடம்பு முழுவதும் எடுத்துச் செல்கிறது.

குளிர் பல நாள் நீடித்தால் என்ன ஆகும்? சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள் எலிகளைக் குளிரில் வைத்துப் பார்த்தார்கள். பழுப்புக் கொழுப்பில் புதிய இரத்தக் குழாய்கள் முளைத்தன. பாசனம் பெருகினால் வாய்க்காலும் பெருக வேண்டும் அல்லவா? பெரியவர்கள் பலரிடமும் இந்தக் கொழுப்பு வேலை செய்வது 2009இல் உறுதியானது.

ஆனால் குழந்தையின் அடுப்பு சின்னது. விறகு சீக்கிரம் தீர்ந்துவிடும். புதிய குழாய்கள் முளைக்கும் வரை குழந்தையால் குளிரில் காத்திருக்க முடியாது. அதிலும் இந்தக் கொழுப்பு கர்ப்பத்தின் கடைசி மாதங்களில்தான் நன்றாகச் சேர்கிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தையிடம் இது மிகக் குறைவு. உடம்பு குளிர்ந்துபோனால் உயிருக்கே ஆபத்து.

இதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். உங்கள் புறங்கையால் குழந்தையின் வயிற்றையும் பாதத்தையும் தொட்டுப் பாருங்கள்.

இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் நல்லது.

வயிறு வெதுவெதுப்பாகவும் பாதம் சில்லென்றும் இருந்தால் குழந்தை குளிரோடு போராடுகிறது. உடனே சூடு கொடுங்கள்.

இரண்டுமே சில்லென்று இருந்தால் ஆபத்து. மார்போடு அணைத்தபடியே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

சூடு கொடுப்பது எப்படி? குழந்தைக்குக் குல்லாயும் காலுறையும் போடுங்கள். தாயின் வெறும் மார்பில் படுக்க வைத்து, மேலே போர்த்துங்கள். அடிக்கடி தாய்ப்பால் கொடுங்கள். தாய்க்கு முடியாதபோது அப்பாவோ பாட்டியோ அணைத்துக்கொள்ளலாம். இதற்குக் கங்காரு முறை என்று பெயர். 1978இல் கொலம்பியா நாட்டு மருத்துவமனையில் இது தொடங்கியது. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் நிறுவனத்தார் அரசு சுகாதாரத் துறையுடன் சேர்ந்து, கர்நாடகத்தின் கொப்பள் மாவட்டத்தில் இதைப் பரப்பினார்கள்.

பிறந்த முதல் நாளில் குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டாம். ஈரம் போகத் துடைத்தால் போதும்.

இதற்குப் பணச் செலவு இல்லை. உங்கள் தெருவில் குழந்தை பிறந்திருக்கிறதா? இதை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.