விஞ்ஞான ஆராய்ச்சியும் சர்க்காரின் கடமையும்

நமது தேசத்தில் விஞ்ஞான ஆராய்ச்சியைப் பற்றிய பேச்சு இப்பொழுது கோடிக் கணக்கிலேயே நடைபெற்று வருகிறது. 2023ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் குவாண்டம் ஆராய்ச்சிக்கென்று 6,003 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்று அங்கீகரிக்கப்பட்டது. அவ்வருஷம் ஆகஸ்டு மாதத்தில் பார்லிமெண்டு ஒரு சட்டம் இயற்றி, அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி ஸ்தாபனம் என்னும் அமைப்பை ஏற்படுத்திற்று. ஐந்து வருஷங்களில் அதன் மூலமாக 50,000 கோடி ரூபாய் செலவிடப்படும் என்று சொல்லப்பட்டது. 2025ஆம் வருஷம் ஜூலை மாதம் முதல் தேதியன்று, தனியார் தொழில்களின் ஆராய்ச்சியை ஊக்குவிப்பதற்காக ஒரு லட்சம் கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய மந்திரி சபை சம்மதம் அளித்தது. நவம்பர் மாதத்தில் பிரதம மந்திரி அதைத் துவக்கி வைத்தார்.

இவற்றையெல்லாம் நாம் வரவேற்கிறோம். விஞ்ஞானத்துக்குப் பணம் வேண்டும் என்று சர்க்கார் ஒப்புக்கொள்வதே ஒரு நல்ல அறிகுறி. ஆயினும், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நமது ஜனங்கள் நெடுங்காலமாக அறிந்த விஷயம். அறிவிக்கப்படும் இத்தொகைகளில் எவ்வளவு, எப்பொழுது, யாருடைய கைக்குப் போய்ச் சேருகிறது என்பதை விசாரித்துப் பார்ப்பது பொதுஜனங்களின் உரிமை, பத்திரிகைகளின் கடமை.

முதலில் மொத்தக் கணக்கைப் பார்ப்போம். 2010-11ஆம் வருஷத்தில் நமது தேசம் முழுவதிலும் ஆராய்ச்சிக்காகச் செலவான தொகை 60,196 கோடி ரூபாய். 2020-21ஆம் வருஷத்தில் அது 1,27,380 கோடியாயிற்று. பத்து வருஷங்களில் இரட்டிப்பாகிவிட்டதே என்று மகிழ்ச்சியடைவதற்கு முன், தேசத்தின் மொத்த உற்பத்தியும் அதற்கிடையில் பெருகியிருப்பதை நினைவிற்கொள்ள வேண்டும். 2020-21ஆம் வருஷத்தில் தேசம் ஈட்டிய ஒவ்வொரு 100 ரூபாயிலும் ஆராய்ச்சிக்குச் சென்றது 64 காசுதான். ஏறக்குறைய அதே காலத்தில் சீனம் சுமார் 2 ரூபாய் 40 காசும், அமெரிக்கா சுமார் 3 ரூபாய் 50 காசும், தென் கொரியா 5 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகவும் இதற்குச் செலவிட்டன. நூற்றுக்கு 2 ரூபாயாக உயர்த்துவோம் என்று நமது சர்க்கார் 2003ஆம் வருஷத்து விஞ்ஞானக் கொள்கையில் கூறினார்கள்; 2013ஆம் வருஷத்துக் கொள்கையிலும் அதையே கூறினார்கள். மந்திரி சபைகள் மாறின, கட்சிகள் மாறின, வாக்குறுதி மட்டும் மாறவில்லை. ஆகவே, இக்குற்றத்தை ஒரு கட்சியின் தலையில் மட்டும் சுமத்த நாம் விரும்பவில்லை.

இனி, புதிய ஸ்தாபனத்தின் 50,000 கோடி ரூபாயைக் கவனிப்போம். இத்தொகையில் சர்க்கார் தருவது 14,000 கோடி. பாக்கி 36,000 கோடி ரூபாயும் தொழில் முதலாளிகள், பொதுத்துறைக் கம்பெனிகள், தர்மவான்கள் முதலியவர்களிடமிருந்து வந்து சேரும் என்பது 2023ஆம் வருஷத்தில் வெளியிடப்பட்ட உத்தேசம். கடன் பத்திரம் ஒன்றை வாசிக்கும் வக்கீல், அதில் கண்ட தொகையைப் பார்ப்பதற்கு முன், பணம் கொடுக்கக் கடமைப்பட்டவர் யார், அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என்பதையே பார்ப்பார். இந்தப் பத்திரத்தில் 14,000 கோடிக்குச் சர்க்கார் பொறுப்பாளி. 36,000 கோடிக்குக் கையெழுத்துப் போட்டவர் எவரும் இல்லை. அந்தத் தொகை வராமற் போனால் எவரையும் கேட்பதற்கு வழியுமில்லை. எனினும் பொதுமேடைகளில் பேசப்படுவது 50,000 கோடிதான்.

ஒரு லட்சம் கோடி ரூபாய்த் திட்டத்தின் தன்மையும் வேறானது. அது பெரும்பாலும் நீண்ட காலக் கடனாக, சொற்ப வட்டிக்கோ வட்டியில்லாமலோ கொடுக்கப்படுவது. சோதனைச் சாலையில் ஏற்கெனவே சோதித்து நிலைநாட்டப்பட்ட ஒரு முறையைத் தொழிலுக்குக் கொண்டுவரும் கட்டத்துக்கே அது உரியது. அப்படிப்பட்ட உதவி அவசியமே. ஆனால் ஒரு சர்வகலாசாலையின் மூலையில், இன்ன பயன் தரும் என்று எவரும் முன்கூட்டிச் சொல்ல முடியாத ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆராய்ச்சியாளருக்கு அதில் இடமில்லை. நாற்றங்காலுக்கு நீர் விடாமல் அறுவடைக்கு ஆள் தேடுவதில் என்ன லாபம்?

இதற்குச் சர்க்கார் தரப்பில் ஒரு சமாதானம் கூறப்படுகிறது. மற்ற தேசங்களில் ஆராய்ச்சிச் செலவின் பெரும் பகுதியைத் தனியார் தொழில்களே ஏற்றுக்கொள்கின்றன. நமது தேசத்திலோ 2020-21ஆம் வருஷத்தில் அவற்றின் பங்கு நூற்றுக்கு 36.4 மட்டுமே, ஆகவே குறை முதலாளிகளுடையது என்கிறார்கள். இதில் உண்மை உண்டு. நமது பெரிய கம்பெனிகள் லாபம் சம்பாதிப்பதில் காட்டும் ஊக்கத்தில் கால் பங்கையேனும் ஆராய்ச்சியில் காட்டுவதாகத் தெரியவில்லை. அயல்நாட்டு இயந்திரத்தையும் அயல்நாட்டு முறையையும் விலைக்கு வாங்கி ஓட்டுவதையே அவற்றில் பல கௌரவமாகக் கருதுகின்றன.

ஆனால் மற்ற தேசங்களில் தனியார் முன்வந்தது எப்படி? அங்கெல்லாம் சர்க்கார் முதலில் விதைத்தது. பிறகே தனியார் அறுக்க வந்தார்கள். இன்று உலகத்தையெல்லாம் பிணைத்திருக்கும் இணைய வலைக்கு முன்னோடியான அர்ப்பாநெட் 1969ஆம் வருஷத்தில் அமெரிக்க ராணுவ இலாகாவின் பணத்தில் தோன்றியது. யுத்தத்தினால் சிதைந்து வறுமையில் கிடந்த தென் கொரியா, 1966ஆம் வருஷத்திலேயே சர்க்கார் ஆதரவில் ஒரு விஞ்ஞான ஆராய்ச்சிக் கழகத்தை ஸ்தாபித்தது. அத்தேசத்துப் பெரிய கம்பெனிகள் உலகப் புகழ் பெற்றது அதற்கு வெகு காலத்துக்குப் பின்னரே.

மேலும், தனியாரை எதிர்பார்க்கும் சர்க்கார் அவர்களுக்கு வழியைச் செப்பனிட்டுத் தர வேண்டாமா? 1961ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தின் 35ஆம் பிரிவின்படி, அங்கீகாரம் பெற்ற சொந்தச் சோதனைச் சாலையில் ஒரு கம்பெனி ஆராய்ச்சிக்குச் செலவிட்ட தொகையைப் போல் இரண்டு மடங்கை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள ஒரு காலத்தில் இடமிருந்தது. 2017ஆம் வருஷத்தில் அது ஒன்றரை மடங்காக்கப்பட்டது. 2020ஆம் வருஷத்தில் அந்தச் சலுகையும் போய், செலவிட்ட தொகை மட்டுமே என்றாயிற்று. வரி விகிதத்தையே குறைத்துவிட்டோம் என்பது இதற்குக் கூறப்பட்ட காரணம். ஆனால் வரிக் குறைப்பு, ஆராய்ச்சி செய்பவனுக்கும் செய்யாதவனுக்கும் ஒன்று போலவே கிடைக்கிறதன்றோ? இவ்வாறே, பொது ஆராய்ச்சி நிலையங்கள் வாங்கும் கருவிகளுக்கு நூற்றுக்கு 5 வீதம் இருந்த சலுகை வரி 2022ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் நீக்கப்பட்டு, 18 வரை உயர்ந்தது. ஆராய்ச்சி மானியத்தைச் சர்க்கார் ஒரு கையால் கொடுத்து, அதில் ஒரு பகுதியை வரியென்று மறு கையால் வாங்கிக்கொண்டார்கள்.

நியாயத்தை உத்தேசித்து வேறு சிலவற்றையும் சொல்ல வேண்டும். சர்க்கார் மானியத்தில் நடைபெறும் ஆராய்ச்சிப் பணிகளுக்கு 2024ஆம் வருஷத்தில் வரி விலக்கு அளிக்க முடிவாயிற்று. 2025ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், ஆராய்ச்சிக் கருவிகளை வாங்கும் விதிகள் தளர்த்தப்பட்டு, நிலையத் தலைவர்களுக்கு அதிக அதிகாரம் தரப்பட்டது. நுண்ணிய கருவி ஒன்றையும் நாற்காலி மேஜையையும் ஒரே விதியின் கீழ் வாங்க வேண்டும் என்ற விபரீதம் இதனால் ஓரளவு நீங்கியிருக்கிறது. இவற்றைச் செய்தவர்களை நாம் பாராட்டுகிறோம்.

நமது பூர்வ சரித்திரத்தையும் இங்கு நினைவூட்ட விரும்புகிறோம். அந்நியர் ஆட்சியில் விஞ்ஞானத்துக்கு ஆதரவு கிட்டாத காலத்தில், டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் பொதுஜனங்களிடம் நன்கொடை திரட்டி 1876ஆம் வருஷத்தில் கல்கத்தாவில் ஒரு விஞ்ஞான சங்கத்தை நிறுவினார். ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் கொடையும் மைசூர் சமஸ்தானம் அளித்த நிலமும் சேர்ந்து 1909ஆம் வருஷத்தில் பெங்களூர் விஞ்ஞானக் கழகம் உண்டாயிற்று. தாரகநாத் பாலித், ராஷ்பிகாரி கோஷ் என்னும் இரு கனவான்கள், வக்கீல் தொழிலில் தேடிய பெரும் பொருளைக் கல்கத்தா சர்வகலாசாலையின் விஞ்ஞானக் கல்லூரிக்கு வழங்கினார்கள். கணக்கு இலாகாவில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே, ஓய்வு நேரங்களில் மகேந்திரலாலின் சங்கத்தில் ஆராய்ச்சி செய்துவந்த நமது திருச்சிராப்பள்ளி சி. வி. ராமன், 1917ஆம் வருஷத்தில் உத்தியோகத்தை விட்டு ஏற்றுக்கொண்டது பாலித்தின் பெயரால் அமைந்த ஆசிரியர் பதவியே. அந்தச் சங்கத்தின் சோதனைச் சாலையில் 1928ஆம் வருஷத்தில் அவர் கண்டதற்கு 1930ஆம் வருஷத்தில் நோபல் பரிசு கிடைத்தது. இந்நாளையச் செல்வர்கள் இதைப் படித்துச் சிறிது வெட்கமடைவார்களாக. ஆனால் அக்காலத்தில் சர்க்கார் நம்முடையதல்ல. ஆகவே தனி மனிதர்கள் அந்தப் பாரத்தைச் சுமந்தார்கள். இன்று சர்க்கார் நம்முடையது. தர்மவான்களைக் காட்டி அது தன் கடமையிலிருந்து விலகுவதற்கில்லை.

எல்லாவற்றிலும் முக்கியமான விஷயம் ஆராய்ச்சி மாணவர்களின் நிலை. 1912ஆம் வருஷத்தில் சென்னைத் துறைமுக ஆபீஸில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் ஒரு குமாஸ்தா வேலை பார்த்தார். அவரிடம் சர்வகலாசாலைப் பட்டம் எதுவும் இல்லை. அவருடைய கணிதத் திறமையை உணர்ந்த சிலரது முயற்சியால், சென்னைச் சர்வகலாசாலை 1913ஆம் வருஷத்தில் விதியைத் தளர்த்தி, இரண்டு வருஷங்களுக்கு மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் கொடுக்க முன்வந்தது. மூன்று மாதங்களுக்கு ஒரு முறை தமது வேலையைப் பற்றி அவர் எழுதித் தரவேண்டும் என்பதே நிபந்தனை. அந்தக் குமாஸ்தாதான் ராமானுஜன். அவரது மேதை அந்த 75 ரூபாயில் பிறந்ததல்ல. ஆனால் வயிற்றுக் கவலையின்றிக் கணிதத்தில் மூழ்கும் அவகாசத்தை அவருக்கு அளித்தது அதுதான். மாதந்தோறும் வரும் ஒரு சிறு தொகைக்கு அவ்வளவு சக்தியுண்டு.

இன்று மத்திய சர்க்காரின் உபகாரச் சம்பளம், 2023ஆம் வருஷம் ஜனவரி முதல், ஆரம்ப நிலை ஆராய்ச்சியாளருக்கு மாதம் 37,000 ரூபாயாகவும், மேல் நிலையில் 42,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. இது போதுமா என்பது ஒரு கேள்வி. இது எத்தனை பேருக்குக் கிடைக்கிறது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. தேசிய அளவில் போட்டிப் பரீட்சையில் தேறியவர்களுக்கும், குறிப்பிட்ட திட்டங்களில் சேர்ந்தவர்களுக்குமே அது உண்டு. அப்பரீட்சையில் தேறாதவர்களுக்கு மாதம் 8,000 ரூபாய் தரும் ஏற்பாடு மத்தியச் சர்வகலாசாலைகளுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. 2015ஆம் வருஷத்தில் அதையும் நிறுத்த முயன்றபொழுது மாணவர்கள் டில்லியில் கிளர்ச்சி செய்து காப்பாற்றினார்கள். மாநிலச் சர்வகலாசாலைகளிலும் கல்லூரிகளிலுந்தான் நமது மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் பயிலுகிறார்கள். அங்கே ஆராய்ச்சி செய்யும் கிராமத்துக் குடியானவரின் மகனுக்கும் நெசவாளியின் மகளுக்கும், பெரும்பாலும் கையிலிருந்து செலவழித்துப் படிப்பதே கதி.

உபகாரச் சம்பளம் கிடைத்தவர்களும் நிம்மதியாக இல்லை. மாதங்கள் கடந்தும் பணம் வரவில்லை என்ற முறையீடு வருஷந்தோறும் கேட்கிறது. 2019ஆம் வருஷத்து உயர்வோ, பல நகரங்களில் ஆராய்ச்சி மாணவர்கள் தெருவுக்கு வந்த பிறகே கிடைத்தது. மந்திரிகளின் சம்பளம் ஒரு மாதம் தாமதமானால் கஜானாவில் என்ன பரபரப்பு உண்டாகும்! இருபத்தேழு வயதில், சம்பாதித்துக் குடும்பத்தைத் தாங்க வேண்டிய பருவத்தில், அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கடன் வாங்கும் ஒருவரிடம், தேசத்துக்காகப் பொறுத்துக்கொள் என்று சொல்வது தர்மமாகாது. அவர் பொறுத்துக்கொள்வதில்லை என்பதும் வெளிப்படை. ஒன்று, கடல் கடந்து போகிறார். அல்லது ஆராய்ச்சியைக் கைவிட்டு வேறு தொழிலுக்குப் போகிறார். 2020ஆம் வருஷத்தில் நமது தேசத்தில் பத்து லட்சம் ஜனங்களுக்கு 262 ஆராய்ச்சியாளர்களே இருந்தார்கள் என்பதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

மாநில சர்க்கார்களும் இப்பழியிலிருந்து தப்ப முடியாது. 2020-21ஆம் வருஷத்து ஆராய்ச்சிச் செலவில் எல்லா மாநிலங்களின் பங்கும் சேர்ந்து நூற்றுக்கு 6.7 தான். டில்லி கொடுக்கவில்லை என்று குறை கூறும் உரிமை, தன் சர்வகலாசாலைகளில் காலியாகக் கிடக்கும் ஆசிரியர் பதவிகளை முதலில் நிரப்பிய சர்க்காருக்கே உண்டு.

அரசியல் சட்டத்தில் 1976ஆம் வருஷத்து 42ஆவது திருத்தம் இரண்டு காரியங்களைச் செய்தது. விஞ்ஞான மனப்பான்மையையும் விசாரணை உணர்ச்சியையும் வளர்ப்பது பிரஜைகளின் கடமை என்று எழுதியது. மாநிலங்களின் ஜாபிதாவிலிருந்த கல்வியை இரு சர்க்கார்களுக்கும் பொதுவாக்கியது. பிரஜைகளுக்குக் கடமை விதித்த சர்க்கார், அதை நிறைவேற்றும் சாதனத்தை அவர்களுக்கு அளிக்க வேண்டாமா? பொதுவாக்கப்பட்ட பொறுப்பு, ஒருவரையொருவர் சுட்டிக்காட்டுவதற்கு அனுகூலமாகிவிட்டது என்பதே நமது அனுபவம்.

ஆகவே நாம் கேட்பவை மூன்று. உபகாரச் சம்பளம் ஒவ்வொரு மாதமும் குறித்த தேதியில் கிடைக்க வேண்டும். தவறினால் அதற்குப் பொறுப்பான அதிகாரி யார் என்பது விதியிலேயே எழுதப்பட வேண்டும். ஆராய்ச்சி ஸ்தாபனத்தின் தொகையாக, சர்க்கார் வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கி உண்மையில் செலவிட்டதை மட்டுமே கணக்கில் காட்ட வேண்டும்; வரக்கூடும் என்று நம்பும் நன்கொடையை வந்த பின்னர் சேர்த்துக்கொள்ளலாம். மாநிலச் சர்வகலாசாலைகளில் முழுநேர ஆராய்ச்சியில் ஈடுபட்டிருக்கும் ஒவ்வொருவருக்கும் மத்திய, மாநில சர்க்கார்கள் கூடி உபகாரச் சம்பளம் ஏற்படுத்த வேண்டும்.

தேசத் தொண்டில் ஈடுபட்டிருக்கும் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. ரஸ்தாவுக்கும் குடிதண்ணீருக்கும் நீங்கள் மனுப் போடுகிறீர்கள், கூட்டம் கூட்டுகிறீர்கள். சோதனைச் சாலைக்காக எந்த ஊரில் எவர் கூட்டம் கூட்டினார்? வரவு செலவுத் திட்டம் சபைக்கு வரும்பொழுது, அறிவித்த கோடி எவ்வளவு, கொடுத்த கோடி எவ்வளவு என்று உங்கள் பிரதிநிதியை எழுந்து நின்று கேட்கச் செய்யுங்கள். ராமானுஜனுக்கு 75 ரூபாய் கொடுக்க, அந்நியர் ஆட்சியிலும் இந்த ஊரில் நாலு பேர் முயற்சி எடுத்துக்கொண்டார்கள். சுயராஜ்யத்தில் அதற்குக் குறைவாகச் செய்வது நமக்கு அழகல்ல.