உயரமும் எடையும்

நுழையும்முன்

எடை காட்டும் கருவியின்மீது ஏறி நிற்கிறோம்; ஓர் எண் தோன்றுகிறது. அதைக் கண்டு சிலர் மகிழ்கின்றனர், சிலர் வருந்துகின்றனர். எடையை மட்டும் கொண்டு உடல்நலத்தை அறிய இயலுமா? எடையையும் உயரத்தையும் இணைத்து நோக்கும் 'உடல் நிறை குறியீட்டெண்' எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தறி சொல்லும் கணக்கு

தென்காசி மாவட்டத்திலுள்ள சங்கரன்கோவில், சங்கரநாராயணர் திருக்கோயிலுக்கும் ஆடித்தபசுத் திருவிழாவிற்கும் பெயர்பெற்ற ஊர். விசைத்தறிகளின் ஓசை கேட்கும் ஊரும்கூட. தறியில் நெய்த துணி அடர்த்தியானதா, மெல்லியதா என்பதை அதன் மொத்த எடை சொல்லிவிடாது. மெல்லிய சேலைகூடத் தடித்த சிறு துண்டைவிட எடை மிகுந்திருக்கும். ஆகவே, ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடையுள்ளது என்று கணக்கிடுவது நெசவுத்தொழிலின் வழக்கம். எடையைப் பரப்பால் வகுத்த பின்னரே இரு துணிகளை ஒப்பிட முடியும்.

மனித உடலை ஒப்பிடுவதற்கும் இத்தகைய ஒரு வகுத்தல் தேவைப்படுகிறது. உயரமானவர் எடை மிகுந்திருப்பது இயல்பே. எனவே, கிலோகிராமில் அளந்த எடையை, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கின்றனர். கிடைக்கும் ஈவே உடல் நிறை குறியீட்டெண். உயரத்தின் வர்க்கம் உடலின் பரப்பன்று. ஆயினும், துணிக்கும் உடலுக்கும் அமைந்த அலகு வகை ஒன்றே.

48 கிலோ எடையுள்ள மூவரை எண்ணிப் பாருங்கள். 150 செ.மீ. உயரமுடையவரின் குறியீட்டெண் 21.3, 160 செ.மீ. உயரமுடையவருக்கு 18.75, 170 செ.மீ. உயரமுடையவருக்கோ 16.6. எடை ஒன்றே, பொருள் மூன்று.

வானியலாளர் தந்த வாய்பாடு

இவ்வாய்பாட்டை உருவாக்கியவர் மருத்துவர் அல்லர். பெல்ஜிய நாட்டு வானியலாளரும் புள்ளியியல் அறிஞருமான அடால்ஃப் கெட்லே (1796 - 1874), மக்கள் கூட்டத்தின் சராசரி இயல்புகளை எண்களால் அறிய முற்பட்டவர். வளர்ந்த மனிதர்களின் எடை ஏறத்தாழ உயரத்தின் வர்க்கத்தை ஒட்டி மாறுவதை அவர் 1832ஆம் ஆண்டளவில் எடுத்துரைத்தார். நெடுங்காலம் அவர் பெயராலேயே வழங்கிய இவ்வெண்ணுக்கு, 1972இல் ஆன்செல் கீஸ் என்ற அமெரிக்க அறிஞரும் அவருடைய குழுவினரும் இன்றைய பெயரைச் சூட்டினர். பெருங்கூட்டத்தை ஆராய உருவான கருவி இது என்பதை நாம் மறத்தல் ஆகாது.

எல்லைக் கோடுகள்

உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டின்படி, வளர்ந்தோரின் குறியீட்டெண் 18.5க்குக் கீழ் இருப்பின் எடைக்குறைவு, 18.5 முதல் 24.9 வரை இயல்பு. 25 முதல் மிகை எடை. 30 முதல் உடற்பருமன். ஆனால், நம் நாட்டவர்க்கு இதைவிடக் குறைந்த எண்ணிலேயே நீரிழிவும் இதயநோயும் தோன்றுவதை ஆய்வுகள் காட்டின. எனவே, 2009இல் வெளியான இந்திய வழிகாட்டுதல் 23 முதல் மிகை எடை எனவும் 25 முதல் உடற்பருமன் எனவும் வகுத்தது. இதன்படி, 160 செ.மீ. உயரமுள்ள வளர்ந்த ஒருவரின் நல்ல எடை ஏறத்தாழ 47 முதல் 59 கிலோ வரை அமையும்.

இவ்வேறுபாட்டின் காரணத்தை இரு மருத்துவர்கள் தம் உடல்களையே சான்றாக்கி விளக்கினர். ஒருவர் புனே நகரின் சித்தரஞ்சன் யாஜ்னிக். மற்றவர் இலண்டனின் ஜான் யுட்கின். இருவருக்கும் குறியீட்டெண் 22.3. ஆனால், உடற்கொழுப்பு யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கிற்கு 21.2 விழுக்காடு. 2004இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்த இவ்வொப்பீடு, ஒரே எண்ணுக்குள் இருவேறு உடல்கள் இருக்கக்கூடும் என்பதை உணர்த்தியது. இதனாலேயே மருத்துவர்கள் இடுப்புச் சுற்றளவையும் அளக்கின்றனர். இந்தியருள் அது ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்ற அளவுக்குள் இருத்தல் நலம்.

வளரும் பருவத்தினர்க்கு வேறு அளவுகோல்

மேற்கண்ட எல்லைகள் வளர்ந்தோர்க்கு உரியன. பதினாறு வயதினருக்கு அவற்றை அப்படியே பொருத்துதல் பிழை. வளரும் பருவத்தில் உயரம், தசை, எலும்பு, கொழுப்பு ஆகியவை ஆண்டுதோறும் மாறுகின்றன; ஆண், பெண் வேறுபாடும் உண்டு. எனவே, 5 முதல் 19 வயது வரை, உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட வயதுசார் வளர்ச்சி அட்டவணையைக் கொண்டே மதிப்பிட வேண்டும். குறியீட்டெண் 17.5 உடைய பதினாறு வயது மாணவர், வளர்ந்தோர் பட்டியலில் எடை குறைந்தவராகத் தோன்றுவார்; வயதுசார் அட்டவணையிலோ அவர் இயல்பான எல்லைக்குள்ளேயே இருக்கிறார். தவறான அளவுகோல், நலமுடையவரையும் நோயாளியாக்கிவிடும்.

பசியும் பருமனும்

காமராசரின் ஆட்சியில் 1956இல் மதிய உணவுத் திட்டமும், 1982இல் சத்துணவுத் திட்டமும், 2022இல் காலை உணவுத் திட்டமும் தொடங்கப்பட்ட மாநிலம் நம்முடையது. பசியை வெல்லப் பாடுபட்ட இம்மண்ணில் இன்று மற்றொரு சிக்கலும் வளர்கிறது. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் குறியீட்டெண் 25ஐ எட்டியோ கடந்தோ இருந்தவர்கள் 2015-16இல் 30.9 விழுக்காட்டினர், 2019-21இல் 40.4 விழுக்காட்டினர். அதே காலத்தில் 12.6 விழுக்காட்டினர் எடை குறைந்திருந்தனர். 53.4 விழுக்காட்டுப் பெண்களுக்கு இரத்தசோகை இருந்தது. இரத்தசோகையைக் குறியீட்டெண் காட்டாது. எண் இயல்பாக இருப்பவரின் குருதியிலும் இரும்புச்சத்து குறைந்திருக்கலாம்.

எண்ணும் மனமும்

வகுப்பறையில் ஒருவரைக் 'குண்டு' என்றும் மற்றொருவரைக் 'குச்சி' என்றும் அழைப்பது விளையாட்டாகத் தோன்றலாம். அச்சொல்லைத் தாங்காது காலை உணவைத் தவிர்ப்போரும், விளையாட்டுத் திடலை விட்டு விலகுவோரும் உளர். வளரும் உடலைப் பட்டினி போடுவது எடைக் கட்டுப்பாடு ஆகாது. அது எலும்பிற்கும் குருதிக்கும் உரிய சத்தைப் பறிப்பதாகும். பயறு, கீரை, முட்டை, மீன், கம்பு, கேழ்வரகு, பழங்கள் என மாற்றி மாற்றி உண்பதும், நாள்தோறும் ஒரு மணி நேரமேனும் ஓடியாடுவதும், போதிய அளவு உறங்குவதுமே வளர்பருவத்தினர்க்கு உகந்த வழி. எண் பெரிதும் விலகி நின்றால் மருத்துவரை நாடுதல் வேண்டும்.

துணியின் எடையை அறிந்தவர் அதன் சாயத்தையும் இழையின் உறுதியையும் தனியே சோதிப்பார். அதுபோல, குறியீட்டெண்ணை உடல்நலத்தை அறியும் முதற்கேள்வியாகக் கொள்வோம். இறுதித் தீர்ப்பாகக் கொள்ளாதிருப்போம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் உயரத்தையும் எடையையும் அளந்து குறியீட்டெண்ணைக் கணக்கிடுக. வயதுசார் அட்டவணையுடன் ஒப்பிட்டு, உங்கள் குறிப்பேட்டில் மட்டும் எழுதி வைத்துக்கொள்க.
2. 'உருவக்கேலி தவிர்ப்போம்' என்னும் தலைப்பில் வகுப்பறையில் ஐந்து மணித்துளி உரையாற்றுக.
3. உங்கள் ஊரில் எளிதாகக் கிடைக்கும் உணவுப்பொருள்களைக் கொண்டு ஒரு வார உணவுப் பட்டியல் உருவாக்குக.