பெறாத பேறு

புத்த பிக்கு ஒருவரைச் சங்கத்தினின்றும் அடியோடு நீக்கும் குற்றங்கள் நான்கு. பிரமசரியம் தவறல், களவு, கொலை ஆகிய மூன்றும் எவரும் எதிர்பார்ப்பவையே. நான்காவதுதான் என்னைத் திகைக்க வைத்தது: தாம் அடையாத ஞானநிலையை அடைந்ததாகப் பிறரிடம் கூறுதல். ஏனைய பொய்களை ஒப்புக்கொண்டு கழுவிவிடலாம். இந்த ஒரு பொய்க்கு மீட்சியில்லை.

விநய பிடகம் கூறும் கதையும் சுவையானது. வஜ்ஜி நாட்டில் பஞ்சம். வக்குமுதா ஆற்றங்கரையில் கார்காலம் தங்கிய பிக்குகள் பிச்சை கிடையாது வருந்தி ஓர் உபாயம் கண்டனர். இன்னவர் தியானத்தில் உயர்ந்தவர், இன்னவர் அரகத நிலை எய்தியவர் என ஒருவரையொருவர் இல்லறத்தாரிடம் புகழ்ந்தனர். மக்களும் தம் பிள்ளைகளுக்குக் கொடாததை இவர்களுக்குக் கொடுத்தனர். கார்காலம் கழிந்து புத்தரைக் காணச் சென்றபோது ஏனையோர் மெலிந்திருக்க, இவர்கள் மாத்திரம் கொழுத்திருந்தனராம். நாட்டாரின் சோற்றைத் திருடி உண்ட இத்தகையோரையே கள்வருள் பெருங்கள்வர் எனப் புத்தர் கடிந்தார்.

ஆராய்ச்சியாளனும் ஊரார் இட்ட சோற்றில் வாழ்பவன் அன்றோ? மனிதக் கருவைப் படியெடுத்து, அதிலிருந்து மூல உயிர்க்கலங்களைப் பெற்றதாகத் தென்கொரியாவின் ஹுவாங் வூ-சுக் 2004இலும் 2005இலும் 'சயன்ஸ்' இதழில் எழுதினார். நாடு அவரைக் கொண்டாடி முத்திரையும் வெளியிட்டது. (முத்திரை வெளியிடுவதில் அரசுகளுக்கு எப்போதும் அவசரந்தான்.) தரவுகள் புனையப்பட்டவை எனச் சியோல் தேசியப் பல்கலைக்கழகம் கண்டது, 2006 ஜனவரியில் இரு கட்டுரைகளும் நீக்கப்பட்டன.

எனினும், விதியைவிட அதிலுள்ள விலக்கே எனக்குப் பெரிதாகப் படுகிறது. அடைந்துவிட்டோம் என உண்மையாகவே நம்பிக் கூறியவர்மீது இக்குற்றம் சாராது. ஏமாற்றுதல் வேறு, ஏமாறுதல் வேறு. விஞ்ஞான உலகும் ஏட்டில் இவ்வாறே பிரித்துக் கூறுகிறது. நடைமுறையிலோ, கட்டுரையை மீளப்பெற்றவர் யாவரையும் ஒரே கண்கொண்டு நோக்குகிறது. ஆகவே பலர் வாய் திறப்பதில்லை.

திறந்தவர் ஒருவர் உண்டு. 2018இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு பெற்ற பிரான்செஸ் ஆர்னோல்ட் அம்மையாரின் 2019ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றின் முடிவுகள், மீண்டும் சோதித்தபோது கிட்டவில்லை. ஆய்வேட்டில் முக்கிய பதிவுகளும் இல்லை. 2020 ஜனவரியில் அதனை மீளப்பெற்ற அவர், வேலை மிகுதியால் தாம் சரிவரக் கவனிக்கவில்லை எனப் பகிரங்கமாகவே கூறினார். நோபல் பரிசு பெற்றவருக்கு இது இயலும். அடுத்த ஆண்டு வேலை நிலைக்குமோ என்றறியாத இளம் ஆய்வாளன் என் செய்வான்?

சங்கம் இதனைத் தனியொருவரின் துணிவுக்கு விட்டுவைக்கவில்லை. போயா நமக்கு விடுமுறை. பிக்குகளுக்கோ பௌர்ணமியும் அமாவாசையும் பாதிமோக்கம் ஓதும் நாட்கள். அதற்கு முன்னரே சிறு குற்றங்களை ஒருவர்க்கொருவர் சொல்லித் தீர்த்துக்கொள்வர்; மூத்தவர் இளையவரிடம் சொல்வதும் உண்டு. ஓதுகையில், இவ்விடயத்தில் தூய்மையுடையீரோ என ஒவ்வொரு பகுதியின் ஈற்றிலும் மும்முறை கேட்கப்படும். பொய்த்த சோதனைகளையும் விடுபட்ட பதிவுகளையும் பதினைந்து நாளுக்கொருமுறை கூடிச் சொல்லிக்கொள்ளும் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றை நான் எண்ணிப் பார்க்கிறேன். அங்கே முதலில் வாய் திறக்கவேண்டியவர் பேராசிரியரே; மாணவன் ஒருபோதும் தொடங்கான்.