எண் ஏறினால் குளிரா, சூடா? - ஸ்பார்க் பிளக் தேர்வு பற்றி

என் எழுதுமேசையில் காகிதங்கள் பறக்காமலிருக்க ஒரு பிஸ்டனை வைத்திருக்கிறேன். அதன் தலையில் சுண்டுவிரல் நுழையுமளவுக்கு ஓர் ஓட்டை. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைக் கையிலெடுத்துப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்பார்கள். ஒரு ஸ்பார்க் பிளக்கின் எண்ணைத் தப்பாகப் படித்ததற்கு நான் கொடுத்த விலை என்று சொன்னால், ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

('தீப்பொறிச் செருகி' என்று எழுதிப் பார்த்தேன். சொல் மோசமில்லை. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி எந்தக் கடையிலும் வாங்க முடியாது. எனவே பிளக் என்றே எழுதுகிறேன்.)

வண்டி 1994-ஆம் ஆண்டு மாஸ்டா மியாட்டா. 1.8 லிட்டர் எஞ்சின், பிறந்த வீட்டிலிருந்து வரும்போது சுமார் 130 குதிரைத்திறன். நான் அதில் ஒரு டர்போவைப் பொருத்தி 200-ஐ ஒட்டிக் கொண்டுவந்திருந்தேன். டர்போ வைத்தால் 'குளிர்ந்த' பிளக் போடவேண்டும் என்பது தெரியும். அப்போது வண்டியில் இருந்தது என்.ஜி.கே. நிறுவனத்தின் 6-ஆம் எண். அவர்கள் கணக்கில் எண் ஏற ஏறப் பிளக் குளிரும். கடையில் அன்று 7 இல்லை. வேறொரு நிறுவனத்தின் 8 இருந்தது. இரண்டு படி குளிர்ந்தது, இன்னும் பத்திரம் என்று வாங்கி மாட்டினேன். அந்த நிறுவனத்தின் கணக்கு தலைகீழ் என்பதும், அவர்களுடைய 8 என்.ஜி.கே.யின் 5-க்குச் சமம் என்பதும் பிறகுதான் தெரிந்தது. அதாவது இருந்ததைவிடச் சூடான பிளக்கைப் போட்டிருந்தேன்.

டொராண்டோவுக்குக் கிழக்கே மோஸ்போர்ட் பந்தயத் தடம் இருக்கிறது. 1967-க்கும் 1977-க்கும் இடையில் கனடா கிராண்ட் பிரீ பல முறை நடந்த இடம். 2012-இல் அதன் பெயர் மாறியது, பழகியவர்கள் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறோம். அங்கே பின்பக்க நேர்சாலை மேடேறிப் போகும். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி நெடுநேரம் ஏறவேண்டும். நான்காவது சுற்றில், அந்த மேட்டின் பாதியில், எஞ்சின் சட்டென்று தளர்ந்தது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் நீலப் புகை. அன்றைய ஓட்டம் அதோடு சரி.

'குளிர்ந்த' பிளக் என்றால் எஞ்சினைக் குளிரவைக்கும் பிளக் என்று பொருளில்லை. நடு மின்முனையைச் சுற்றி ஒரு வெள்ளைப் பீங்கான் மூக்கு இருக்கிறதல்லவா, அதன் நீளம்தான் விஷயம். மூக்கில் ஏறும் சூடு பீங்கான் வழியாக உலோக உடலுக்கும், அங்கிருந்து சிலிண்டர் தலைக்கும், கடைசியில் குளிர்நீருக்கும் போகவேண்டும். மூக்கு நீளமாக இருந்தால் வழி நீளம், சூடு தங்கும். குட்டையாக இருந்தால் சீக்கிரம் வடிந்துவிடும். ஒரு படி மாறினால் முனையின் வெப்பம் ஏறக்குறைய 70 முதல் 100 டிகிரி மாறும் என்பது என்.ஜி.கே. சொல்லும் கணக்கு.

முனை எப்போதும் ஒரு சந்துக்குள் இருக்கவேண்டும். சுமார் 450-500 டிகிரிக்குக் கீழே போனால் கரி எரியாமல் பீங்கான்மேல் படியும். கரி மின்சாரத்தைக் கடத்துமாதலால், பொறி தாவவேண்டிய இடத்தில் தாவாமல் பக்கவாட்டில் கசிந்துவிடும். 800-ஐத் தாண்டிப் போனால் முனையே ஒரு தணலாகிவிடுகிறது. பொறி வருமுன்பே அது எரிபொருளைப் பற்றவைக்கிறது. பிஸ்டன் இன்னும் மேலேறிக்கொண்டிருக்க, எரியும் வாயு அதை எதிர்த்து நிற்கும். அதனால் சூடு கூடும், சூடு கூடினால் இன்னும் முன்னதாகப் பற்றும். எஞ்சினின் கணினி பொறியைத் தாமதப்படுத்தினாலும் பயனில்லை, பற்றவைப்பது பொறியே அல்லவே! அலுமினியப் பிஸ்டன் இதைச் சில நொடிகளுக்குமேல் தாங்காது.

எவ்வளவு குளிர்ந்தது தேவை? கூடுதலாகச் சேர்க்கும் ஒவ்வொரு 75 முதல் 100 குதிரைத்திறனுக்கும் ஒரு படி என்பது பழகிவந்த கணக்கு. என் வண்டிக்கு 7 போதும். எண்களின் திசையை மட்டும் நிறுவனத்துக்கு நிறுவனம் பார்த்துக்கொள்ளவேண்டும். என்.ஜி.கே., டென்ஸோ இரண்டிலும் எண் ஏறினால் குளிர். பாஷ், சாம்பியன் இரண்டிலும் ஏறினால் சூடு. டென்ஸோ திசையில் ஒத்துப்போனாலும் அளவு வேறு, அவர்களுடைய 20-தான் என்.ஜி.கே.யின் 6, 22-தான் 7. ஒரு பொதுவான அளவுகோலை இவர்கள் ஏன் ஒப்புக்கொள்ளவில்லை என்று யோசித்து நான் சில இரவுகள் தூங்காமல் இருந்திருக்கிறேன்.

அப்படியானால் எதற்கும் இருக்கட்டும் என்று 9 போட்டுவிடலாமே என்று ஒரு நண்பர் போட்டார். பந்தயத்துக்கல்ல, வேலைக்குப் போகிற சாதாரண சிவிக்கில்! ஜனவரியில் மைனஸ் இருபதில் பத்து நிமிட ஓட்டம், நாள் இருமுறை. பிளக் ஒருநாளும் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் சூட்டை எட்டவில்லை. இரண்டே வாரத்தில் கரியடைத்து, வண்டி காலையில் கிளம்ப மறுத்தது.

அடுத்தது இடைவெளி. என் பழைய பிளக்கின் பெயரில் கடைசியில் வரும் 11 என்பது 1.1 மில்லிமீட்டர். காற்றின் அழுத்தம் கூடக்கூடப் பொறி தாவ அதிக வோல்ட் வேண்டும், இடைவெளி கூடினாலும் அப்படியே. இரண்டும் சேர்ந்து ஏறினால் காயில் தோற்றுப்போகும். டர்போ முழு அழுத்தம் கொடுக்கும் நேரத்தில் மட்டும் எஞ்சின் திக்கினால் முதலில் இதைத்தான் சந்தேகிக்கவேண்டும். நான் இப்போது 0.7 வைக்கிறேன். அதற்கும் கீழே குறைத்தால் பொறி சிறுத்து, சும்மா நிற்கும்போது எஞ்சின் ஒழுங்காக ஓடுவதில்லை.

விளம்பரங்களில் பெரிதாகப் பேசப்படும் உலோகத்தைக் கடைசிக்குத் தள்ளியதற்குக் காரணம், அது கடைசியாக யோசிக்கவேண்டியது என்பதுதான். 'காப்பர் பிளக்' என்பதில் தாமிரம் உள்ளே சூட்டைக் கடத்தத்தான், முனை நிக்கல் கலவை. இரிடியம் உருகுவது 2,446 டிகிரியில், நிக்கல் 1,455-இல். ஆகவே இரிடியத்தை ஊசிபோல மெல்லியதாகச் செய்யலாம், மெல்லிய முனையிலிருந்து பொறி குறைந்த வோல்ட்டில் தாவும், பல ஆண்டுகள் தேயாது. நல்ல பொருள்தான். ஆனால் நன்றாக ஓடும் எஞ்சினில் இதனால் குதிரைத்திறன் கூடுவதில்லை. தப்பான படியில் உள்ள இரிடியம் பிளக், சரியான படியில் உள்ள மலிவு நிக்கல் பிளக்கைவிட ஆபத்து. தடத்தில் ஓட்டுகிற பலர் நிக்கலையே வாங்கி அடிக்கடி மாற்றுகிறார்கள், நானும் அந்தக் கட்சி. மூன்று நான்கு பக்க மின்முனைகள் உள்ளதை வாங்கினால் நான்கு பொறி வரும் என்று நம்புவோரும் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றுக்குத்தான் பொறி தாவும்.

போட்ட பிளக் சரியா என்பதைக் கழற்றிப் பார்த்தால் அதுவே சொல்லும். முழுவேகத்தில் ஓட்டி, உடனே எஞ்சினை நிறுத்தி, ஆறியபின் கழற்றவேண்டும். பீங்கானின் நிறத்தைவிட, வளைந்த பக்க மின்முனையில் சூட்டால் நிறம் மாறியிருக்கும் கோட்டைப் பார்ப்பது மேல். கோடு வளைவருகே இருந்தால் நல்லது. திருகுமரைப் பக்கம் இறங்கியிருந்தால் பிளக் சூடு, நுனியிலேயே நின்றால் குளிர் அதிகம். பீங்கானில் கொப்புளமோ, மிளகுத்தூளைப்போல மினுமினுக்கும் பொடியோ தெரிந்தால் அடுத்த சுற்றுக்குப் போகவே கூடாது. அந்த மினுமினுப்பு, கரைந்துகொண்டிருக்கும் பிஸ்டனின் அலுமினியம்.

மாட்டும்போது எஞ்சின் ஆறியிருக்கட்டும், முதலில் கையால் மட்டும் திருகட்டும். அலுமினியத் தலையில் 14 மில்லிமீட்டர் பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால், வளையம் உட்கார்ந்தபின் புதுப் பிளக்கை அரையிலிருந்து முக்கால் சுற்றுக்குள் நிறுத்தவேண்டும். இறுக்கம் போதாமல் போனாலும் சூடு வடியாது. அப்போது 7 என்று பெயர் எழுதிய பிளக்கும் சூடான பிளக்காகத்தான் வேலை செய்யும்.