நன்செய் வயலில் உண்போரும் உண்ணப்படுவோரும்

கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க் கடன் பெறும் அங்கத்தினர் பலர், நடவு முடிந்து ஒரு மாதம் ஆவதற்குள் பூச்சி மருந்துக்கென்று ஒரு தொகையைச் செலவிட்டு விடுகின்றனர். அச்செலவு அவசியந்தானா என்று தீர்மானிக்க வேண்டுமாயின், நெல் வயலில் வாழும் ஜீவராசிகள் ஒன்றையொன்று எவ்வாறு சார்ந்து நிற்கின்றன என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

சூரிய வெளிச்சத்தைக் கொண்டு உணவு ஆக்க வல்லவை பச்சை நிறமுள்ள தாவரங்களே. வயலில் நெற்பயிரும் நீரிலுள்ள பாசியும் இத்தொழிலைச் செய்கின்றன. பயிரைத் தின்னும் புழு பூச்சிகள் அடுத்த படியில் உள்ளன. அவற்றைச் சிலந்தியும் தட்டானும் தவளையும் தின்னும். தவளையைப் பாம்பும் கொக்கும் உண்ணும். இவையனைத்தும் மடிந்த பின், கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைத்து மண்ணுக்கே சத்தாகத் திருப்பித் தருகின்றன.

இவ்வளவையும் பள்ளிச் சிறுவரும் கூறுவர். குடியானவர் அறிய வேண்டுவது இதற்கு அப்பாற்பட்டது. நடவுக்குப் பின் முதல் சில வாரங்களில் இளம்பயிரைத் தின்னும் பூச்சிகள் அதிகமில்லை. அங்ஙனமாயின் சிலந்திகள் எதைத் தின்று பிழைக்கின்றன? ஜாவாத் தீவின் நெல் வயல்களை ஆராய்ந்து 1996-ஆம் வருஷத்தில் தம் முடிவை வெளியிட்ட அறிஞர்கள் இதற்கு விடை கண்டனர். எருவும் பழைய தாளும் சேற்றில் மட்கும்போது நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவற்றையும் பாசியையும் உண்டு, பயிருக்கு யாதொரு தீங்கும் செய்யாத கொசுவையொத்த சிறு பூச்சிகள் தோன்றுகின்றன. இவையே சிலந்திக்கு ஆரம்ப கால ஆகாரம். ஆகவே புகையான் பெருகுமுன்பே அதைப் பிடித்துண்ணும் சேனை வயலில் தயாராக நிற்கிறது.

முன்கூட்டித் தெளிக்கும் மருந்து இச்சேனையைத்தான் பெரிதும் அழிக்கிறது. புகையானோ தன் முட்டைகளை இலையுறைக்குள் செருகி வைப்பதால் அவை பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. பொரித்து வரும் குஞ்சுகளுக்குச் சத்துருக்கள் இல்லை. அவை பன்மடங்காகித் தூரின் அடியில் கூடிச் சாற்றை உறிஞ்ச, பயிர் வட்டம் வட்டமாகத் தீய்ந்து போகிறது. மருந்து போதவில்லையென்று எண்ணி மறுபடியும் அதையே தெளிப்பது தீயில் நெய் வார்ப்பதாகும்.

இந்தோனேசியா தேசத்தில் நடந்தது இதுவே. அரசாங்கம் மருந்தின் விலையில் பெரும்பகுதியைத் தானே தாங்கி, அதனை மலிவாக வழங்கி வந்தது. புகையான் குறையவில்லை, பெருகிற்று. 1986-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் 57 வகை மருந்துகளை நெல்லுக்கு உபயோகிக்கலாகாதென்று தடுத்தார்கள். பின்னர் மானியத்தையும் நிறுத்தினார்கள். விளைச்சல் குறைந்துவிடவில்லை. நமது நாட்டிலும், ஏராளமாய் நடந்து வந்த தவளைக்கால் ஏற்றுமதியை 1987-இல் இந்திய அரசாங்கம் தடை செய்தது.

மருந்தே வேண்டாமென்பது நமது கருத்தன்று. எண்ணிப் பார்த்தபின் வாங்குக என்பதே. தழைச்சத்தை மிதமிஞ்சி இட்டால் புகையானுக்கு விருந்து வைத்தது போலாகும். பிரித்து இடுதல் நலம். எட்டு அடிக்கு ஓர் அடி பட்டம் விட்டு நட்டால் தூரின் அடிவரை காற்றும் வெளிச்சமும் புகும். புகையான் தென்பட்டால் தேங்கிய நீரை வடித்துவிட வேண்டும். வயலில் பல இடங்களில் குத்துக்களை விலக்கி அடித்தூரை நோக்குக. சிலந்தியே இல்லாத வயலில் தூர் ஒன்றுக்கு ஒரு பூச்சி இருந்தால் மருந்து தேவை. குத்துக்கு ஒரு சிலந்தி இருக்குமாயின், தூருக்கு இரண்டு பூச்சி ஆகும் வரை பொறுக்கலாமென்பது தமிழ்நாடு விவசாய சர்வகலாசாலையாரின் கணக்கு. அப்பொழுதும் புகையானைப் பெருகச் செய்யும் பைரித்ராய்டு இன மருந்துகளை விலக்கி, தூரின் அடிப்பாகத்தில் படுமாறு தெளிக்க வேண்டும்.